சொல்ல மாட்டேன் என்ற சாட்சி

புதுச் சட்டங்கள் வந்ததிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. ஓய்வெல்லாம் எனக்குத்தான். செஞ்சி கோர்ட்டில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண், பெஞ்ச் நடந்துகொண்டிருக்கும்போதே மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் கேட்பாள்: "மேடம், பழைய முன்னூத்தி எழுபத்தொன்பது இப்ப எது?" முன்னூற்று மூன்று என்று பதில் போடுவேன். திருட்டு அதே திருட்டுதான். கதவிலக்கம் மட்டும் மாறியிருக்கிறது. மோசடிக்காரனை இத்தனை தலைமுறையாக நானூத்தி இருபது என்று திட்டி வந்த ஜனங்கள், இனி முன்னூத்திப் பதினெட்டு என்று திட்டிப் பழக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாவிடம் சோதனைக்குச் சொல்லிப் பார்த்தேன். அது திருவண்ணாமலை போகிற வண்டியா என்று கேட்டாள்.

போன வாரம் அந்தப் பெண்ணும் இரண்டு இளம் வக்கீல்களும் வீட்டுக்கு வந்தார்கள். வக்கீல்கள் சங்கம் மலர் ஒன்று போடுகிறதாம். 'குற்ற வழக்கில் சிக்கியவர் தன்னைக் காத்துக்கொள்வது எப்படி' என்று எழுதித் தர வேண்டுமாம். பிரிவுகள் வேண்டுமானால் புத்தகத்தில் இருக்கின்றன, அதுவும் இப்போது தள்ளுபடி விலையில். நான் ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. கூடுதலாக ஒரு சேவலும் இருக்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எம்.ஏ. படித்துவிட்டு விழுப்புரத்தில் நகல் எடுப்பவராகச் சேர்ந்தேன். திண்டிவனத்தில் டைப்பிஸ்ட். மாலை வகுப்பில் சட்டமும் படித்தேன். வக்கீலாகவில்லை. வக்கீல் நின்றுகொண்டு பேச வேண்டும். பெஞ்ச் கிளார்க் உட்கார்ந்தபடியே எல்லோரையும் திருத்தலாம். செஞ்சிக்கு மாற்றலாகி வந்தவள் பிறகு நகரவில்லை. கோர்ட் ஜன்னலில் கோட்டை மலையான ராஜகிரி தெரியும். கூண்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் நடுவரைப் பார்க்காமல் மலையைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை வெளியூர்த் தம்பதி உள்ளே நுழைந்து, கோட்டைக்கு டிக்கெட் இங்கேதானா என்று என்னிடம் கேட்டார்கள். வரிசை அப்படி இருந்தது.

அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீட்டாட்டம், பொது இடத்தில் குடி, தெருச் சண்டை போன்ற சில்லறை வழக்குகளை ஒரே நாளில் போடுவார்கள். எங்கள் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். எதிரிகள் காலையிலேயே வந்து வரிசையாக நிற்பார்கள். நான் பெயரைக் கூப்பிடுவேன், குற்றச்சாட்டைப் படிப்பேன், ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பேன். "ஒத்துக்கறேங்க" என்பார்கள். அபராதம். அடுத்தவர். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் அவரவர் நிலத்துக்குத் திரும்பிவிடலாம். வக்கீல் வைத்தால் வாய்தா, வாய்தா என்றால் ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி. அதனால் செய்தவனும் ஒத்துக்கொள்வான், செய்யாதவனும் ஒத்துக்கொள்வான். ஆள் வேலைக்குப் பெங்களூர் போயிருந்தால் தம்பி வந்து அவன் பெயரில் ஒத்துக்கொள்வான். சில ஊர்களில் இதற்கென்றே வேலை வெட்டியில்லாத ஒரு சித்தப்பா இருந்தார்.

இந்த அமைதியான ஏற்பாட்டில் வந்து சேர்ந்தார் நான் சொல்லப்போகும் நடுவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தியதே இல்லை. யாரையும் 'நீ' என்றதில்லை, பிக்பாக்கெட்டைக்கூட. நகைச்சுவை எதுவும் தெரியாதவர் என்று முதல் மாதம் நினைத்தேன். அவரைப்போல ரசிப்பவர் இல்லை என்று இரண்டாவது மாதம் தெரிந்தது. சிரிப்பு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான். எங்கள் கோர்ட்டுக்கு வந்த பிறகு அந்தக் கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருந்தது.

ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதைக் கூடியமட்டும் அவருடைய சொந்த வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த வரியை எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் ஒருவர்தான் அதை நம்பினார். "ஒத்துக்கறேங்க" என்று ஒருவன் சொன்னால், "என்ன செய்தீர்கள்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்பார். வரிசை திகைத்துப்போனது. சிலர் என்ன வழக்கு என்றே தெரியாமல் ஒத்துக்கொள்ள வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனது. எஸ்.ஐ.க்கள் என் மேசைக்கு வந்து, ஐயாவிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா என்றார்கள். சட்டத்தைத்தான் எடுத்துச் சொல்ல முடியும், அதை அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

ஒருநாள் சேவல் சண்டை வழக்கு ஒன்று வந்தது. வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமம். எதிரி பிரகாஷ், வயது இருபத்து மூன்று. பெயரைக் கூப்பிட்டேன். கூண்டில் ஏறியவருக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாது. தலைக்கும் மீசைக்கும் அன்று காலையில்தான் சாயம் அடித்திருக்கிறார். காது மடலெல்லாம் கறுப்பு. மார்பில் இங்கிலீஷ் எழுத்து போட்ட டி-ஷர்ட், வயிற்றுக்குமேல் ஏறிக்கொண்டு நின்றது. எனக்கு ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உயிருள்ள பிராணியைக் கோர்ட் சொத்தறையில் வைத்து வளர்க்க முடியாது என்பதால், இந்த வழக்கின் சேவலை முன்பே ஏலம் விட்டிருந்தோம். அவலூர்பேட்டைக் கறிக்கடைக்காரரோடு வெறிபிடித்ததுபோலப் போட்டி போட்டு அதை எடுத்தவர் இவர்தான்.

"உங்கள் பெயர்?" என்றார் நடுவர்.

"பிரகாஷுங்க."

"வயது?"

"இருபத்திமூணு நடக்குதுங்க."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன செய்தீர்கள்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்."

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டார்களே என்ற சந்தோஷம் முகத்தில் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஏரிக்கரைக்குப் பின்னால் களம் போட்டது, எதிராளி அனந்தபுரத்திலிருந்து மொபெட்டில் கூடையோடு வந்தது, தன் சேவலுக்குக் காலையில் என்ன தீனி கொடுத்தார், எப்படித் தண்ணீர் தெளித்தார் எல்லாம் வந்தது. கை இரண்டும் கூண்டுக்கு வெளியே பறந்துகொண்டிருந்தன. "மொதோ தண்ணிக்கே, அதாங்க மொத ரவுண்டுலயே, நம்ம கலெக்டரு எகிறி ஒரு அடி குடுத்தாரு பாருங்க—"

"எந்தக் கலெக்டர்?"

"சேவலு பேருங்க ஐயா."

கண்ணாடி மறுபடி துடைக்கப்பட்டது. பேச்சு நிற்கவில்லை. மூன்றாவது மோதலில் அந்தப் பக்கத்துச் சேவல் கழுத்தைத் தொங்கப்போட்டது. அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வந்தது. எல்லோரும் கரும்புத் தோட்டத்துக்குள் பாய்ந்தார்கள். "நானும் ஓடிட்டேங்க. எஸ்.ஐ. சாரு வரப்புலயே நின்னுட்டாரு, பாவம்."

குற்றப்பத்திரிகைப்படி எதிரி ஓடவில்லை. சேவலும் கையுமாகச் சம்பவ இடத்தில் பிடிபட்டார். என் சர்வீஸிலேயே முதல்முறையாகச் சட்டம் கேட்டபடி, சொந்த வார்த்தையில், நடந்ததை நடந்தபடி ஒரு மனிதர் ஒப்புக்கொண்டிருந்தார். சொன்னதில் பெயரும் வயதும் தவிர எல்லாம் உண்மை.

ஆள் மாறாட்டம் தனிக் குற்றம். நடுவர் நினைத்திருந்தால் அந்த ஆளை அன்றைக்கே உள்ளே வைத்திருக்கலாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னும் எதையும் தான் பதியவில்லை என்றார். எதிரி இன்று வரவில்லை என்று எழுதச் சொன்னார். பிறகு கூண்டைப் பார்த்து, "பிரகாஷ் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார்.

"புள்ளைங்க" என்றார் அவர். குரல் அதற்குள் இறங்கிவிட்டது.

அவர் பெயர் தண்டபாணி. வராந்தாவில் நடுவர் சொன்னபடி நான் அவரிடம் பேசியபோது மிச்சக் கதை வந்தது. பிரகாஷ் சேவல் சண்டைப் பக்கமே போகாதவன். அன்று, சோறு ஆறுகிறது என்று அப்பாவைக் கூப்பிடக் களத்துக்கு வந்திருக்கிறான். போலீஸ் வந்ததும் தண்டபாணி சேவலை மகன் கையில் திணித்துவிட்டுக் கரும்புக்குள் ஓடிவிட்டார். அவன் நின்றான், பிடித்துக்கொண்டு போனார்கள். சேவல் யாருடையது என்று ஸ்டேஷனில் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. ஜாமீனில் வந்ததிலிருந்து அப்பாவிடமும் வாயைத் திறக்கவில்லை. சென்னையில் ஒரு செருப்புக் கடையில் வேலைக்குப் போய்விட்டான். சம்மன் வீட்டுக்கு வந்தது. வீட்டிலுள்ள வயது வந்த ஆண் வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி, தண்டபாணி வாங்கிக்கொண்டார். மகனுக்குச் சொல்லாமல், தானே வந்து ஒத்துக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

"நல்லவேளை நீங்க உளறினீங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். மகன் ஏதாவது அரசு வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்கிறானா என்று கேட்டேன். போலீஸ் வேலைக்கு என்றார். எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தேறி, இப்போது குணநலன் விசாரணைக்கு நிற்கிறதாம். என் கையிலிருந்த கட்டு கீழே விழாத குறை. இந்த மனிதர் அன்று ஒழுங்காக ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டிருந்தால், பிரகாஷ் தண்டனை பெற்றவன் ஆகியிருப்பான். வேலை அன்றோடு போயிருக்கும். சின்ன அபராதம்தானே என்று கட்டிவிட்டுப் போனவர்கள் பின்னால் எந்தெந்த ஆபீஸ் வாசலில் அழுதார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாய்தாவுக்குப் பிரகாஷ் வந்தான். ஒல்லி, உயரம், கால் மட்டுமே ஒரு ஆள் நீளம். குற்றத்தை மறுத்தான். வக்கீல் இருக்கிறாரா என்று நடுவர் கேட்டார், இல்லை என்றான். இலவச சட்ட உதவிப் பட்டியலில் அன்றைக்கு முறை கயல்விழிக்கு. அனந்தபுரத்துப் பெண், தொழிலுக்கு வந்து நான்கைந்து வருடம். கட்டை விரலால் மூக்கைத் தேய்த்தால் ஏதோ யோசனை வந்துவிட்டது என்று அர்த்தம். அரசு வக்கீல் அதைக் கண்டாலே வழக்குக் கட்டைப் பிரித்து மறுபடி படிக்க ஆரம்பிப்பார்.

அவளுக்கு இரண்டு சிக்கல். முதலாவது, வெறும் விடுதலை போதாது. போலீஸ் வேலைக்கான விதி கோர்ட்டைவிடக் கறாரானது. 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுதலை என்று தீர்ப்பில் ஒரு வரி வந்துவிட்டால், அந்த விதியின் கணக்கில் அவன் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவன்தான். இவன் செய்யவே இல்லை என்று நடுவர் எழுத வேண்டும். அப்படி எழுத வேண்டுமானால், செய்தது யார் என்று ஒருவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சிக்கல் அங்கே நின்றது. தண்டபாணி சொல்லத் தயார். தெருத்தெருவாகச் சொல்லத் தயார். சொன்னால் மறுநாள் அவர்மேல் வழக்கு வரும். பிரகாஷ் அதற்குச் சம்மதிக்கவில்லை. அப்பாவிடம் பேசமாட்டான், ஆனால் அப்பாவை மாட்டிவிடவும் மாட்டான். வேலை போனால் போகட்டும், நைனாவைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று கயல்விழியிடம் சொல்லிவிட்டு, சேவல்காரர் நின்ற பக்கம் திரும்பாமலேயே பஸ் ஏறிப்போனான்.

கயல்விழி மூக்கைத் தேய்த்தாள்.

சாட்சியச் சட்டத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. தன்னையே மாட்டிவிடும் கேள்விக்கும் சாட்சி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் சொல்ல மறுத்து, கோர்ட் கட்டாயப்படுத்தி, அதன்பிறகு சொன்ன பதிலாக இருந்தால் அதை வைத்து அவர்மேல் வழக்குப் போட முடியாது. தானாக வலியச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகத் தண்டபாணி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கேள்வி வந்ததும், சொல்ல மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு நடுவர் கட்டாயப்படுத்துவார். பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் பிறந்ததிலிருந்து எதையும் சொல்லாமல் இருந்ததில்லை. கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் கயல்விழி பயிற்சி கொடுத்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேவல் யாருடையது என்று இவள் கேட்பாள். "நம்முளுதுதான்" என்பார் அவர், அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொள்வார். மறுபடி கேட்பாள். மறுபடி. பத்து முறைக்கு ஒருமுறை சரியாக வந்தது. டீக்கடைக்காரர், வருகிறவர் போகிறவரெல்லாம் அவரைப் பிடித்து நிறுத்தி, "இன்னா நைனா, சேவலு யாருது?" என்று கேட்டுப் பழக்கினார்கள். ஊரே சேர்ந்து ஒருவருக்கு ஊமையாக இருக்கக் கற்றுக்கொடுத்தது.

விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி எஸ்.ஐ. நல்ல மனிதர், கொஞ்சம் கனத்த உடம்பு. களத்தில் ஐந்தாறு பேர் இருந்ததாகச் சொன்னார். மற்றவர்கள் எங்கே என்று கயல்விழி கேட்டாள். ஓடிவிட்டார்கள். துரத்தினீர்களா? துரத்தினார். பிடித்தீர்களா?

"ஓடினவங்களைப் பிடிக்க முடியலீங்க" என்றார் எஸ்.ஐ. "இவரு நின்னுட்டு இருந்தாரு. புடிச்சோம்."

சேவலை இவர் சண்டைக்கு விட்டதைப் பார்த்தீர்களா? கையில் இருந்ததைப் பார்த்தார்; விட்டதைப் பார்க்கவில்லை. அடுத்தது எனக்கு மறக்காது. உங்கள் துறையின் ஓட்டத் தேர்வில் இவர் அன்று ஓடியவர்களில் முதலாவதாக வந்தது தெரியுமா என்று கேட்டாள். தெரியாமல் என்ன, குணநலன் விசாரணைக் கோப்பு அவர் மேசையில்தான் இருக்கிறது. தெரியும் என்றார்.

"இவர் ஓடியிருந்தா பிடிச்சிருப்பீங்களா?"

எஸ்.ஐ. பிரகாஷின் காலைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத நேரம் எல்லோருக்கும் ஒன்று வரும். "கஷ்டம்தாங்க மேடம்" என்றார்.

போலீஸ் தரப்பு முடிந்ததும் நடுவர் எதிரியிடம், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். பெரும்பாலும் எல்லோரும் இதற்குப் பொய் வழக்கு என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள். பிரகாஷ், "நான் ஒண்ணும் செய்யல. அதான் ஓடல" என்றான். மலையைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்துச் சொன்னான்.

அடுத்து எதிரி தரப்புச் சாட்சி. பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவனைச் சம்மதிக்கவைக்கக் கயல்விழி சட்டப் புத்தகத்தையே அவன் மடியில் வைத்துப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இருந்தும் அவனுக்கு நம்பிக்கை இல்லை. சட்டத்தில் அல்ல, அப்பாவின் வாயில்.

தண்டபாணி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். சாயம் கரைந்து வயது வெளியே வந்திருந்தது. சத்தியப் பிரமாணத்தை நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். கயல்விழி எழுந்தாள்.

"உங்க பேரு?"

"சொல்ல மாட்டேன்" என்றார் தண்டபாணி.

பின் பெஞ்சில் யாரோ மூச்சை விட்டார்கள். பெயரைச் சொல்வதால் உங்களுக்கு எந்த வழக்கும் வராது என்று நடுவர் எடுத்துச் சொன்னார்.

"இருந்தாலும் சொல்ல மாட்டேங்க. வக்கீலம்மா கண்டிச்சி சொல்லியிருக்காங்க."

கயல்விழி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அரசு வக்கீல் எழுந்து, இது சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி என்று ஆட்சேபித்தார். "அவர் இன்னும் எதையும் சொல்லவில்லையே" என்றார் நடுவர். "சொன்னதும் ஆட்சேபியுங்கள்." பிறகு தண்டபாணியிடம் திரும்பி, பெயரைச் சொல்லும்படி இந்த நீதிமன்றம் கட்டாயப்படுத்துகிறது என்றார். கண்ணாடி மேசைமேல் இருந்தது. தகப்பன் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றுக்கும் அப்படியே நடந்தது. ஒரு மனிதனை விவசாயி என்று சொல்லவைக்க ஓர் அரசாங்கம் இவ்வளவு பாடுபட்டதில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. அன்று அந்தச் சேவல் யாருடையது?

தண்டபாணி வாயைத் திறந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. கலெக்டர், மூன்று மோதல், கழுத்தைத் தொங்கப்போட்ட அனந்தபுரத்துச் சேவல், எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. அவர் மகனைப் பார்த்தார். பிரகாஷ் இத்தனை மாதத்தில் முதல்முறையாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். இல்லை என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"சொல்ல மாட்டேங்க" என்றார் தண்டபாணி. கண்ணில் நீர். "சொல்லணும்னு ஆசையா இருக்குது. ஆனா சொல்ல மாட்டேன்."

நடுவர் அதை அப்படியே, அவருடைய சொந்த வார்த்தைகளில் எழுதிக்கொண்டார். சாட்சி மறுக்கிறார் என்றும் எழுதினார். பிறகு சொன்னார்: "பதில் சொல்லுமாறு நீதிமன்றம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறது."

அணை உடைந்தது என்றால் குறைவு. நடுவர் எழுத, நான் வேறொரு பேனா எடுத்துக் கொடுக்க, எல்லாம் வந்தது. எஸ்.ஐ. தன் தொப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில், மகனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறீர், சேவல் பிடிக்கவே தெரியாத ஆள் நீர் என்று சீண்டினார். அந்த அவமானத்திலும் மனிதர் தவறவில்லை. முதலில் மறுத்தார். கட்டாயப்படுத்தப்பட்டார். பிறகு சேவலை எந்தக் கையில் எப்படிப் பிடிப்பது, களத்தில் விடும்போது விரல் எங்கே இருக்க வேண்டும் என்று காற்றிலேயே ஒரு சேவலைப் பிடித்துக் காட்டினார். அது இல்லாத சேவல் என்று எனக்குக் கொஞ்ச நேரம் நினைவில்லை.

அரசு வக்கீலுக்கு ஒரே ஒரு நல்ல கேள்வி மிச்சமிருந்தது. அப்படியானால் சேவலை மகன் கையில் ஏன் கொடுத்தீர்? அவனை மாட்டிவிட்டு ஓடுகிற தகப்பன் உண்டா?

"சொல்ல மாட்டேன்" என்றார். கட்டாயம் வந்தது. "எங்க ஊர்லயே இவன்தான் சார் நல்லா ஓடுவான். சேவலோட இவன் தப்பிச்சிருவான், நான் மாட்டினாலும் பரவாயில்லன்னுதான் குடுத்தேன். திரும்பிப் பாக்கறேன், நிக்கிறான். இன்னா புள்ள சார் இது."

கோர்ட் சிரித்தது. பிரகாஷ் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான், தோள் குலுங்கியது. நடுவர் அமைதி என்று சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை. கர்சீப்பை முகத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பெஞ்ச் ஒத்திவைப்பு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

தீர்ப்பு நாளில் அவர் சொல்லச் சொல்ல ஸ்டெனோ எழுதினாள். எங்கள் ஸ்டெனோவுக்கு அந்த வரி கையில் தானாக வரும்: ஆகவே சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அவள் பேனா அந்தப் பக்கம் சாய்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கயல்விழி மூக்கைத் தேய்க்கவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவர் நிதானமாகப் போனார். ஓடக்கூடியவர் ஓடவில்லை என்றார். குற்றம் செய்தவர் யார் என்பதை அவரே, கட்டாயத்தின்பேரில், இந்த நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார் என்றார். சற்று நிறுத்தினார். ஸ்டெனோவின் பேனா சாய்ந்தது.

"இந்த எதிரி இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை" என்றார். "முற்றுப்புள்ளி."

வராந்தாவில் எஸ்.ஐ. தண்டபாணியை நிறுத்தி, ஒருநாள் என்னிடம் மாட்டாமலா போவாய் என்றார். கொஞ்சம் ஓடிப் பழகுங்க சார் என்று தண்டபாணி உண்மையான அக்கறையோடு சொன்னார். அந்த எஸ்.ஐ.யைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குணநலன் விசாரணை அறிக்கையை அவர்தான் எழுத வேண்டும். தீர்ப்பின் நகலை என்னிடம் கேட்டு வாங்கி, அந்தக் கடைசி வரியின் கீழே தானே கோடு போட்டு அனுப்பினார்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. அந்த நடுவர் மாற்றலாகிப் போய்விட்டார்; புதிதாக வந்தவர் சாப்பாட்டு நேரத்தை மதிப்பவர். ஜெயிலிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தார்கள். அவலூர்பேட்டைப் பக்கம் கிணற்று மோட்டார் ஒயர் திருட்டு. ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து அன்றைக்கே வெளியே விட்டுவிடுவார்கள். கூட வந்த காவலர் ஆயுதப்படைக்காரர், புது யூனிபார்ம், நீளமான கால். என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. யார் என்று எனக்குப் பேர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒயர் வழக்கு ஆளைக் கூப்பிடுவதற்காகக் கட்டில் அவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசல் என் மேசைக்கு இரண்டடி.

"ஒயரை நீ எடுத்தியா?" என்று பிரகாஷ் அந்த ஆளிடம் கேட்பது காதில் விழுந்தது.

"இல்ல சார்."

"அப்ப ஒத்துக்காத. வக்கீலு வேணும்னு கேளு. குடுப்பாங்க."

"வக்கீலு வெச்சா நாளாவுமே சார்."

"ஆவட்டும்" என்றான் பிரகாஷ். "எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நான் இன்னா கொறைஞ்சா பூட்டேன்?"

பெயரைக் கூப்பிட்டேன். அந்த ஆள் கூண்டில் ஏறினார். குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். மணி ஒன்றாகப் போகிறது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூண்டிலிருந்தவர் வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வக்கீலு வேணுங்க" என்றார்.